நாலு முழ வேட்டியில் ஒரு போர்ட்ரெயிட் விளக்கு

முகத்தில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுவதும் கன்னத்தில் மெல்லக் கரைந்து போவதும் விளக்கின் விலையால் வருவதில்லை. முகத்தை எட்டுமுன் வெளிச்சம் கடைசியாகத் தொட்ட பரப்பு எவ்வளவு பெரியது, அது முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன. சூரியன் எவ்வளவோ பெரியது. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமுள்ள வட்டம்தான். உச்சி வெயிலில் மூக்கின் நிழல் உதட்டின் மேல் கரிக்கோடு போட்டதுபோல் விழுவது அதனால்தான். அதே வெயில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும், ஆனால் எதுவும் உறுத்தாது.

ஆகவே வீட்டில் விளக்கு செய்ய உட்காருகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது வாட் கணக்கை அல்ல, பரப்பை. 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட விளக்குப் பெட்டி) ஒரு மீட்டருக்குள் இருந்தால் தலைக்கும் தோளுக்கும் சரியாக இருக்கும். இடுப்பு வரை, அல்லது இருவரைச் சேர்த்து எடுக்க அது போதாது. பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கினால் விலையும் ஏறும், அதைத் தாங்கும் ஸ்டாண்டின் விலையும் ஏறும். சினிமா லைட்மேன்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி விளக்குக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். தளத்தில் அதற்கு ஸ்கிம்மர் என்று பெயர். விளக்கும் துணியும் தனித்தனியாக இருப்பதில் ஒரு பெரிய வசதியும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டமும் துணியும்

துணிக்கு நாலு முழ வேட்டி. ஒற்றை வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம் இருக்கும். நெசவு சீரானது, விளிம்பு பிரியாது, எந்த ஊரிலும் கிடைக்கும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கரை மெல்லியதாக இருக்கட்டும்; சரிகைக் கரை வேண்டாம். வெளுக்காத கோரா துணி வேண்டாம், அதன் மஞ்சள் அப்படியே தோலில் ஏறும். கடையிலேயே துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அங்கங்கே நூல் தடித்திருந்தால் பரவாயில்லை, ஆனால் பின்னால் இருக்கும் பல்பின் வடிவம் கூர்மையாகத் தெரிந்தால் அந்தத் துணி வெளிச்சத்தைப் பரப்பவில்லை, வெறுமனே மங்கலாக்குகிறது. மெல்லிய மல் துணி ஒற்றையாகப் போதாமல் போவது இதனால்தான்.

புது வேட்டியில் கஞ்சி இருக்கும். இரண்டு முறை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், சொட்டு நீலம் மட்டும் போடாதீர்கள். நீலம் துணியை வெள்ளையாக்குவதில்லை. மஞ்சளை நீலத்தால் மறைத்து வெள்ளைபோல் காட்டுகிறது. ஊடுருவி வரும் வெளிச்சத்தில் அந்த நீலம் கலந்தே வரும். பருத்தி, பாலியெஸ்டர் கலந்த வேட்டி சுருங்காது என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

சட்டத்துக்கு முக்கால் இன்ச் பிவிசி குழாய். வெளி அகலம் 110 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். முழு வேட்டி அகலத்துக்கும் சட்டம் செய்தால் துணியைக் குழாயில் சுற்றிக் கட்ட இடம் இருக்காது. 110 வைத்தால் இரு பக்கமும் எட்டு செ.மீ. மிஞ்சும், கரையைப் பின்னால் மடித்துக் குழாயோடு சேர்த்து கிளிப் போட அது சரியாக வரும்.

10 அடிக் குழாய் மூன்று போதும். முதல் இரண்டையும் 190, 110 என்று வெட்டுங்கள். மூன்றாவதில் ஒரு 110, நான்கு 45. நிற்கும் கால்கள் இரண்டு 190. குறுக்குச் சட்டங்கள் மூன்று 110. நான்கு 45-ம் தரையில் முன்னும் பின்னும் நீளும் பாதங்கள். குழாய்களை இணைக்க எல்போ (மூலை மூட்டு) 2, டி (மூன்று வாய் மூட்டு) 6 வேண்டும். மேல் மூலைகளில் எல்போ. காலின் அடியில் தலைகீழ் டி, அதன் இரு வாயிலும் பாதக் குழாய். தரையிலிருந்து 10 செ.மீ. மேலே காலை வெட்டி இன்னொரு டி போட்டுக் கீழ்க் குறுக்குச் சட்டம். எல்போவும் டியும் அகலத்தில் சில செ.மீ. சேர்க்கும் என்பதால், பொருத்திப் பார்த்துவிட்டுக் குறுக்குக் குழாய்களைச் சீவிக்கொள்ளுங்கள்.

நடுக் குறுக்குச் சட்டத்தைச் சரிபாதியில் வைக்காதீர்கள். அதுதான் பலரும் செய்யும் தவறு. துணியை இழுத்துக் கட்டும்போது கால்கள் உள்வாங்கி வளையாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம் தேவை. ஆனால் அது பாதி உயரத்தில் இருந்தால் வெளிச்சம் அதிகம் படும் இடத்தில் நிழல்பட்டை விழும், கண்ணுக்குள் தெரியும் ஒளிப்பொட்டிலும் ஒரு கோடு ஓடும். தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் முக்கியமாக மேல் பாதியில்தான் விழப்போகிறது.

மூட்டு எல்லாவற்றையும் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால் சட்டத்தைக் கழற்றவே முடியாது. ஒவ்வொரு எல்போவிலும் டியிலும் ஒரு வாயை மட்டும் ஒட்டி, மற்றதை அழுத்திச் செருகுவதோடு விடுங்கள். செருகும் இடத்தில் குழாயிலும் டியிலும் ஒரே எண்ணை மார்க்கரால் எழுதி வைத்தால் அடுத்த முறை பத்து நிமிடத்தில் நிற்கும்.

துணி கட்டிய சட்டம் பாய்மரம் மாதிரி. சீலிங் ஃபேன் ஓடினாலே ஆடும், திறந்த கதவு வழியாகக் காற்று வந்தால் சாயும். பாதம் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கிலோ மணல் பை வையுங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரு முனையும் தைத்தால் நல்ல மணல் பை ஆகும். மொட்டை மாடியில் எடுப்பதாக இருந்தால் மணலை நம்ப வேண்டாம், பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

விளக்குப் பலகை

இங்கேதான் காசைச் செலவழிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு பொருளுக்கு: எல்ஈடி ஸ்ட்ரிப், அதாவது எல்ஈடிகளை வரிசையாகப் பதித்த நாடா.

போர்டு செய்பவர்களிடம் கிடைக்கும் ஸ்ட்ரிப் எழுத்து மின்னுவதற்கு. முகத்துக்கு அது ஆகாது. எல்ஈடியின் நிறத்தரத்தைச் சிஆர்ஐ என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண் மங்கலான எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. தோலுக்கு அடியில் ஓடுவது ரத்தம் அல்லவா? உதடு, காது மடல், கன்னம் எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்பு வேண்டும். சிஆர்ஐ 80 என்று போட்ட ஸ்ட்ரிப்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சர்வ சாதாரணம். மாநிறத் தோல் அதில் சாம்பல் பூசியதுபோல் வரும். கம்ப்யூட்டரில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் இல்லாத சிவப்பைக் கேமரா பதிவே செய்திருக்காது. சிஆர்ஐ 95-க்கு மேல், ஆர்9 எண்ணை வெளிப்படையாகப் போட்டது, அந்த எண் 80-க்குக் குறையாதது: இப்படித் தேடி வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன்தான்.

பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல் ஒரு தக்காளியை வைத்துச் சோதிக்கலாம். நன்றாகப் பழுத்த தக்காளியையும் உள்ளங்கையையும் சேர்த்து, பகலில் சன்னல் ஓரம் ஒரு படம், ஸ்ட்ரிப் வெளிச்சத்தில் ஒரு படம். இரண்டுக்கும் தனித்தனியாகச் சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே வரக் கேமராவில் செய்யும் நிறச் சரிக்கட்டல்) எடுங்கள். தக்காளி செங்கல் நிறத்துக்கோ பழுப்புக்கோ நகர்ந்தால் அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது: 24 வோல்ட், 2835 வகை (எல்ஈடியின் அளவைக் குறிக்கும் எண்), மீட்டருக்கு 120 எல்ஈடி, மீட்டருக்கு 14.4 வாட், 5 மீட்டர் ரோல் ஒன்று. மொத்தம் 72 வாட், 3 ஆம்பியர். 12 வோல்ட் வேண்டாம். அதே வாட்டுக்கு இரு மடங்கு கரன்ட் ஓடும், வயரில் இழப்பும் கூடும். 4000 கெல்வின் நிறம் என் தேர்வு. சன்னல் வெளிச்சத்தோடு கலந்து எடுப்பவர்கள் 5000-க்கு மேல் போகட்டும். ஒரே ரோலாக இருப்பது முக்கியம். இரண்டு ரோல் வாங்கினால் இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலகைக்கு 30 × 60 செ.மீ. அலுமினியத் தகடு, 2 மி.மீ. கனம். எடை ஒரு கிலோ அளவுக்குத்தான் வரும், சாதாரண ட்ரைபாட் தாங்கும். மரப்பலகையிலும் சன் போர்டிலும் ஒட்டலாமே என்று தோன்றும். எல்ஈடி வெளிச்சத்தை முன்னால் அனுப்புகிறது, சூட்டைப் பின்னால்தான் தள்ளுகிறது. 72 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகவே போகும். அது வெளியேறாவிட்டால் முதலில் பசை விடும், பிறகு நிறம் மாறும், கடைசியில் ஒவ்வொரு எல்ஈடியாகக் கருகும். தகட்டின் பின்பக்கத்துக்கு மேட் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் அலுமினியம் சூட்டைக் கதிர்வீசுவதில் மந்தம், கறுப்புப் பரப்பு அப்படியில்லை. அரை மணி நேரம் எரியவிட்டுப் பின்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து வினாடி தாங்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் தகடு சிறியது, அல்லது ஸ்ட்ரிப் சரியாக ஒட்டவில்லை.

ரோலை 50 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் பத்து வரும். கத்தரிக்கோல் குறி அச்சிட்ட இடத்தில் மட்டுமே வெட்டலாம். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஆறு அல்லது ஏழு எல்ஈடிக்கு ஒரு குறி இருக்கும், அதனால் உங்கள் துண்டு ஒன்றிரண்டு செ.மீ. கூடக் குறைய வரலாம். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு, துண்டுகளை 2.5 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். முனைகளுக்கு அடியில், ஒட்டுமுன், சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒரு துண்டு. இதை விட்டுவிட்டால் வெட்டிய முனையின் செம்பு அலுமினியத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். இரண்டு முனையும் பெயர்ந்து வராமலிருக்க ஒரு துளி சிலிக்கோன் வைக்கலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

பத்துத் துண்டையும் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்து ஒரு முனையில் மட்டும் கரன்ட் கொடுத்தால், முதல் துண்டு பளிச்சென்றும் கடைசித் துண்டு மங்கலாகவும் எரியும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புப் பட்டை அவ்வளவு மெல்லியது. ஒவ்வொரு துண்டுக்கும் நேரடியாக வயர் போக வேண்டும். 1 சதுர மி.மீ. வயர் தாராளம்.

பிரகாசத்தைக் குறைக்க டிம்மர் போடாதீர்கள். மலிவான டிம்மர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை. வினாடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை அணைத்து எரியவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும். அதற்குப் பதில் மூன்று சாதாரண சுவிட்ச் போதும். பத்துத் துண்டுகளை 2, 3, 5 என்று பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சுவிட்ச். இதில் 2, 3, 5, 7, 8, 10 என்று ஆறு அளவு கிடைக்கும். எல்லாம் எரிவதற்கும் ஐந்து எரிவதற்கும் சரியாக ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதி. இரண்டு மட்டும் எரிந்தால் ஏறக்குறைய இரண்டே கால் ஸ்டாப் குறைவு. எந்த அளவிலும் நிறம் மாறாது, பட்டை வராது. வயரிங் சரிதானா என்று பார்க்கவும் இது உதவும். பத்துக்கும் ஐந்துக்கும் இடையே ஒரு ஸ்டாப்புக்குக் குறைவாகக் கேமரா காட்டினால், முழுதாக எரியும்போது எங்கோ வோல்டேஜ் இறங்குகிறது. சால்டரிங்கை, அல்லது வயரின் தடிமனைப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை. தேவை 3 ஆம்பியர்தான், ஆனால் பவர் சப்ளையை முழுக்கொள்ளளவில் ஓட்டினால் சூடேறிச் சீக்கிரம் சாகும். திறந்த முனை உள்ள எஸ்எம்பிஎஸ் (தகரப் பெட்டிக்குள் வரும் பவர் சப்ளை) மலிவு. அதில் 230 வோல்ட் திருகுகள் விரல் படும் இடத்தில் இருக்கும். வீட்டு வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். லேப்டாப்புக்கு வருவதுபோல் மூடிய 24 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்தான் என்றால் மூன்று முனை பிளக், அதன் உடலுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் எர்த், திருகுகளுக்கு மூடி. இதில் எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். படம் எடுக்க வந்தவர் வெறுங்காலோடு அந்த ஸ்டாண்டைத் தொடுவார்.

ட்ரைபாடில் மாட்ட, தகட்டின் பின்னால் ஒரு எல் கிளாம்ப் போட்டு அதில் கால் இன்ச் பிஎஸ்டபிள்யூ நட்டைப் பதியுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அந்த நட் ட்ரைபாட் திருகில் ஏறும்.

நிறுத்தும் விதம்

வேட்டி முகத்திலிருந்து ஒரு மீட்டர், சற்றே பக்கவாட்டில், 45 டிகிரியில். பலகை வேட்டிக்குப் பின்னால் ஒரு மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், லேசாகக் கீழ்நோக்கி. கணக்குப் போட்டால் ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/100 வினாடி அக்கம்பக்கம் வரும். துணியின் அடர்த்தியைப் பொறுத்து ஒரு ஸ்டாப் ஏறலாம், இறங்கலாம். குழந்தைகளை எடுக்க இது போதாது. அதற்கு இரண்டாவது பலகை செய்யுங்கள், அல்லது அதே வேட்டிக்குப் பின்னால் ஃபிளாஷை வையுங்கள். பழைய ஃபிளாஷைப் பிரித்து ஏதாவது செய்யலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பின்னும்.

முன்பு சொன்ன வசதி இதுதான். பலகையை வேட்டிக்கு 30 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் துணியில் ஒரு சிறிய வட்டம் மட்டும் ஒளிரும். நிழல் இறுகும், முகம் செதுக்கினதுபோல் நிற்கும். ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளினால் துணி முழுக்க ஒரே சீராக ஒளிரும், நிழல் கரையும். ஆளையோ துணியையோ நகர்த்த வேண்டியதில்லை. மீசை முறுக்கிய பெரியவருக்கு ஒரு வெளிச்சம், கல்யாணப் பெண்ணுக்கு வேறு வெளிச்சம் என்று ட்ரைபாடை மட்டும் தள்ளி மாற்றிக்கொள்ளலாம். 30 செ.மீ.க்கும் கிட்டே போகாதீர்கள், அது துணி. 1000 வாட் ஹாலஜனை இந்தத் துணிக்குப் பின்னால் எந்தத் தூரத்திலும் வைக்காதீர்கள்.

கருத்த தோலை எடுக்கும்போது இந்தப் பரப்பின் அருமை இன்னும் தெரியும். அங்கே முகத்தின் வடிவத்தைக் காட்டுவதில் பெரும்பங்கு தோலின் மேல் தெரியும் விளக்கின் பிரதிபலிப்புக்கு. சிறிய விளக்கு என்றால் அது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொட்டாகச் சுடும். உடனே பவுடரைத் தேடுவார்கள், அல்லது எக்ஸ்போஷரை ஏற்றித் தோலை வெளுக்க வைப்பார்கள். இரண்டும் தேவையில்லை. வேட்டி அளவுக்குப் பெரிய பரப்பில் அதே மினுமினுப்பு கன்னம் முழுக்க மெல்லிய பட்டையாகப் பரவும். பவுடரைத் துடைத்துவிடச் சொல்லுங்கள், எக்ஸ்போஷரைத் தோலின் உண்மையான நிறத்துக்கே விடுங்கள்.

மறுபக்க நிழலுக்குத் தெர்மாகோல். கடையில் 1 மீட்டர் × 50 செ.மீ. அட்டையாகக் கிடைக்கும். கனமானதாக இரண்டு வாங்கி நீளவாக்கில் டேப் ஒட்டினால் புத்தகம்போல் விரிந்து தானாக நிற்கும். ஒரு முகத்தைக் கறுப்பாக்கி வையுங்கள், நிழலை இன்னும் ஆழமாக்க அது தேவைப்படும். ஸ்ப்ரே பெயின்டிலும் ரப்பர் பசையிலும் தெர்மாகோல் கரைந்து ஓட்டை விழும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன், அல்லது ஃபெவிக்கால் போட்டு ஒட்டிய கறுப்பு சார்ட். இரு கன்னத்தையும் தனித்தனியாக ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) அளந்து பாருங்கள். ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் சாந்தமான படம், இரண்டு என்றால் அழுத்தமான படம். தெர்மாகோலை ஒரு சாண் நகர்த்தினாலே இது மாறும்.

அறைச் சுவரைக் கவனிக்காமல் விடுவதால் கெட்டுப்போகும் படங்கள் ஏராளம். பச்சையோ ரோஸோ அடித்த சுவரில் பட்ட வெளிச்சம் அந்த நிறத்தோடு நிழல் பக்கக் கன்னத்துக்கு வரும். ஒயிட் பேலன்ஸ் இதைத் திருத்தாது, ஏனென்றால் வெளிச்சப் பக்கம் சரியாகவும் நிழல் பக்கம் மட்டும் பச்சையாகவும் இருக்கும். தெர்மாகோலை அந்தச் சுவருக்கும் முகத்துக்கும் நடுவே நிறுத்துங்கள், பலகையின் பக்கங்களில் கறுப்பு சன்பேக் ஷீட்டில் (உள்ளே குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை) 20 செ.மீ. இறக்கை ஒட்டி வெளிச்சம் சிதறுவதைத் தடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, வேட்டி வழியாக வரும் வெளிச்சத்தில் சாம்பல் அட்டையை முகத்தின் இடத்தில் பிடித்து ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். வேட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை.

கண்ணாடி போட்டவர் என்றால் அதில் வேட்டி முழுதாகத் தெரியும். சட்டத்தை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள், பலகையை உயர்த்துங்கள். கண்ணாடிக் காம்பைக் காதின் மேல் ஒரு நெல்லளவு தூக்கிவிடச் சொன்னால் கண்ணாடி கீழே சாய்ந்து பிரதிபலிப்பு போய்விடும். அப்போதும் தெரிந்தால் அதில் மடிப்புக்கோடு தெரியாமலாவது இருக்க வேண்டும். அதனால் வேலை முடிந்ததும் வேட்டியை மடித்து வைக்காமல், ஒரு நீளக் குழாயில் சுருட்டிப் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள்.